1959: ஓர் ஆண்டும் ஐந்து இசைத்தட்டுகளும்

ஆண்டு முடிவில் ‘இவ்வாண்டின் சிறந்த இசைத்தட்டுகள்’ என்று பட்டியல் வெளியிடுவது மேல்நாட்டு இசையுலகில் வேரூன்றிவிட்ட வழக்கம். பத்திரிகைகள் போடுகின்றன, பரிசுக் குழுக்கள் போடுகின்றன, தனி ரசிகர்களும் போட்டுக்கொள்கிறார்கள். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே மிக எளியது. ஆயினும் மிகவும் மதிக்கத்தக்கது அதுவே என்பது என் கருத்து. குழு கூடித் தேர்ந்தெடுக்கும்போது ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க நேர்கிறது. பத்துப் பேருக்கும் ஓரளவு பிடித்தது முன்னே வருகிறது. ஒருவரை உலுக்கியெடுத்தது பின்தங்கிவிடுகிறது. தனி ரசிகனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அவனுக்கு வேறொரு கடமை உண்டு. தனக்குப் பிடித்தது ஏன் பிடித்தது என்று அவன் சொல்லியாக வேண்டும். காரணம் கூறாத விருப்பம் விமரிசனமாகாது.

அப்படியொரு பட்டியலை இங்கே முன்வைக்கிறேன். அது சென்ற ஆண்டுக்கு உரியதன்று. 1959ஆம் ஆண்டுக்கு உரியது. சுடச்சுட எழுதப்படும் பட்டியல்களில் அந்தந்தக் காலத்து ஆரவாரமும் கலந்துவிடும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆறிய பின்னரும் ஓர் இசைத்தட்டு நம்மை உட்காரவைத்துக் கேட்கச்செய்கிறது என்றால், அந்த ஈர்ப்பு அந்த இசைக்கே உரியது என்று நம்பலாம். அமெரிக்க ஜாஸ் இசையின் வரலாற்றில் 1959க்கு ஈடான ஆண்டு அரிது. அவ்வாண்டில் பதிவான ஐந்து இசைத்தட்டுகள் அந்த இசையை ஐந்து வேறு வேறு திசைகளில் இழுத்துச் சென்றன. ஒன்று சொன்னதை மற்றொன்று மறுத்தது. இவ்வைந்தையும் ஒருசேர நேசிக்க முடியுமா, அவ்வாறு நேசிப்பது கொள்கையற்ற ரசனையாகிவிடாதா என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கேள்வி.

நம்மவருக்கு ஜாஸ் முற்றிலும் அந்நியமானதன்று. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் அமெரிக்க மண்ணில் உருவாக்கிய இசை அது. அதன் உயிர்நாடி கற்பனை. வகுத்த மெட்டை முதலில் வாசித்துக் காட்டிவிட்டு, அதன் அடித்தளத்தின் மேல் ஒவ்வொரு கலைஞரும் அந்தக் கணத்திலேயே புதிதாகப் படைத்துச் செல்வார்கள். நம் கச்சேரிகளில் மனோதர்மம் என்று சொல்லப்படுவது அதற்கு உறவு. வேறுபாடு அடித்தளத்தில் உள்ளது. நமக்கு ராகம் எப்படியோ, அப்படி அவர்களுக்குக் ‘கார்ட்’ எனப்படும் சுரக்கூட்டு. பல சுரங்கள் ஒருங்கே ஒலித்து ஒரு கூட்டாகும். அடுத்த கூட்டுக்கு நகரும். வாசிப்பவர் அந்த நகர்வைப் பின்தொடர்ந்தே தம் கற்பனையை விரிக்க வேண்டும். இதை மனத்தில் கொண்டால் 1959இல் நடந்த சண்டை என்ன என்பது விளங்கிவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நீண்ட நேர இசைத்தட்டைக் கொலம்பியா நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களே கிடைத்தன. நீண்ட தட்டு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் இடம் தந்தது. உதிரிப் பூக்களாக இருந்த பதிவுகள் மாலையாகத் தொடுக்கப்பட்டன. இசைத்தட்டு ஒரு நூலைப் போலத் தொடக்கமும் நடுவும் முடிவும் உடைய படைப்பாயிற்று. 1959இன் கலைஞர்கள் அந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள்.

இனி என் வரிசை. ஐந்தாம் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஐந்தாவது: ‘டைம் அவுட்’

டேவ் ப்ரூபெக் நால்வர் குழுவின் தட்டு இது. 1959 டிசம்பரில் வெளிவந்தது. ஜாஸ் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கைத் தாளத்திலேயே நடைபோட்டுவந்த காலம் அது. அதை மாற்றிப் பார்ப்பதற்கென்றே ஒரு முழுத் தட்டை ஒதுக்கினார் ப்ரூபெக். 1958இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் அவர் குழு நீண்ட அயல்நாட்டுப் பயணம் மேற்கொண்டது, இந்தியாவுக்கும் வந்தது, சென்னையிலும் வாசித்தது. துருக்கி நாட்டுத் தெருவிசைஞர்களின் ஒன்பது எண்ணிக்கைத் தாளம் அப்பயணத்தில் அவர் காதில் விழுந்து மனத்தில் தங்கியது. அதன் விளைவே தட்டின் முதல் உருப்படியான ‘ப்ளூ ரோண்டோ ஆ லா டர்க்’. ஒன்பதை மும்மூன்றாகப் பகுக்காமல் இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று பகுத்து ஓடவிட்டிருக்கிறார்.

நம் செவிக்கு இது வியப்பூட்டுவதன்று. ஐந்தைக் கண்டம் என்றும், ஏழை மிச்ரம் என்றும், ஒன்பதைச் சங்கீர்ணம் என்றும் பெயரிட்டு வாசிக்கும் மரபு நம்முடையது. ஆகவே மேல்நாட்டு ரசிகர் மயங்கும் இடத்தில் மயங்காமல், இசை எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. அவ்வாறு பார்த்தால் ஒரு குறை தென்படுகிறது. ‘ப்ளூ ரோண்டோ’வில் எழுதிவைத்த பகுதிதான் ஒன்பதில் ஓடுகிறது. கற்பனை வாசிக்க வேண்டிய கட்டம் வந்ததும் குழு பழகிய நான்குக்கே திரும்பிவிடுகிறது. புதிய தாளம் வாசலில் கட்டிய தோரணமாக நிற்கிறது. வீட்டுக்குள் பழைய வாழ்க்கையே நடக்கிறது.

இக்குறையிலிருந்து தப்பியது ‘டேக் ஃபைவ்’. அதை இயற்றியவர் ப்ரூபெக் அல்லர். குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட். இங்கே கற்பனையும் ஐந்திலேயே நடக்கிறது. பியானோ ஒரே சிறு சுழற்சியை விடாமல் வாசித்துத் தாளத்தைக் காத்து நிற்க, ஜோ மொரெல்லோவின் முழவு இடம்விட்டு இடம்விட்டுப் பேசுகிறது. டெஸ்மண்டின் மெட்டோ கணக்கை மறக்கச்செய்யும் அளவுக்கு இயல்பாக வழிகிறது. தனித் தட்டாக வெளிவந்து 1961இல் அமெரிக்காவின் பொதுப் பாடல் வரிசையில் 25ஆம் இடத்தை எட்டியது. ஜாஸ் உருப்படிக்கு அது அரிய நிகழ்ச்சி. 1977இல் மறைந்த டெஸ்மண்ட் இதன் உரிமைத் தொகையைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்துச் சென்றார்.

இத்தட்டைப் பட்டியலில் வைப்பதற்கு இசைக்கு அப்பாற்பட்ட ஒரு காரணமும் உண்டு. குழுவின் பேஸ் கலைஞர் யூஜின் ரைட் கறுப்பினத்தவர். மற்ற மூவரும் வெள்ளையர். 1960இன் தொடக்கத்தில் தென்மாநிலக் கல்லூரிகளில் வாசிக்க ஏற்பாடாகியிருந்தபோது, ரைட்டுக்குப் பதிலாக வெள்ளையர் ஒருவரை அழைத்துவர வேண்டுமென்று பெரும்பாலான கல்லூரிகள் வற்புறுத்தின. ப்ரூபெக் மறுத்தார்; பெருந்தொகை கைநழுவிப் போயிற்று. நான்கு பேர் சேர்ந்து வாசிப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. எனினும் நற்பண்பு வேறு, நல்லிசை வேறு. இரண்டாவதை மட்டும் எடைபோட்டே ஐந்தாம் இடம் தந்திருக்கிறேன்.

நான்காவது: ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’

ஜான் கோல்ட்ரேனின் இந்தத் தட்டு கடைக்கு வந்தது 1960இன் தொடக்கத்தில். ஆயினும் அதன் பெரும்பகுதி 1959 மே 4, 5 ஆகிய நாட்களிலும், ‘நயிமா’ என்ற உருப்படி டிசம்பர் 2ஆம் நாளிலும் பதிவாயின. ஒரு படைப்பின் ஆண்டு அது விற்பனைக்கு வந்த ஆண்டா, பிறந்த ஆண்டா என்றால் பிறந்த ஆண்டே என்பேன்.

சுரக்கூட்டுகளைப் பின்தொடர்ந்து கற்பனை செய்வதே ஜாஸ் என்றேன். அந்த வழியின் எல்லைக்கோடு இத்தட்டு. தலைப்பு உருப்படியின் மெட்டு பதினாறு அளவுகளே கொண்டது. அதற்குள் இருபத்தாறு முறை கூட்டு மாறுகிறது. சுருதித் தளமும் மூன்று இடங்களுக்கிடையே ஓயாது தாவுகிறது. அதுவும் மின்னல் வேகத்தில். கோல்ட்ரேன் பல மாதங்கள் இதைச் சாதகம் செய்து தம் விரலுக்குள் ஏற்றிக்கொண்டவர். பியானோ வாசித்த டாமி ஃப்ளானகன் சிறந்த கலைஞர்தான். ஆனால் அந்த வேகத்தில் அத்தனை மாற்றங்களைத் தாண்டிச் செல்ல அவர் தடுமாறுவது தட்டிலேயே பதிவாகியிருக்கிறது. தொடங்குகிறார், தயங்குகிறார், வெறும் கூட்டுகளை மட்டும் ஒலித்துவிட்டு ஒதுங்குகிறார். பிற்காலத்தில், 1982இல், ஃப்ளானகன் கோல்ட்ரேனின் நினைவாக அதே பெயரில் ஒரு தட்டு வெளியிட்டு அதே உருப்படியைச் சரளமாக வாசித்துக் காட்டினார். கலைஞனின் மானம் என்பது இதுதான்.

இத்தட்டை நான் வியக்கிறேன். ஆனால் வியப்பும் அன்பும் ஒன்றல்ல. தலைப்பு உருப்படியைக் கேட்கும்போது மலையேறுபவனைக் கீழிருந்து பார்க்கிற உணர்வே மேலோங்குகிறது. அன்பு பிறப்பது ‘நயிமா’வில். கோல்ட்ரேன் தம் மனைவியின் பெயரைச் சூட்டிய உருப்படி அது. பேஸ் ஒரே சுரத்தில் ஆதார சுருதி போல ஊன்றி நிற்க, அதன் மேல் சாக்ஸபோன் மிகமெதுவாக, ஒரு சொல்லும் மிகாமல் பேசுகிறது. தம் வித்தை முழுவதையும் ஓர் உருப்படியில் கொட்டிக் காட்டியவர், அடுத்த உருப்படியில் அத்தனையையும் அடக்கி வைத்துக்கொண்டு மௌனத்தின் ஓரத்தில் நிற்கிறார். அந்த அடக்கத்துக்காகவே இத்தட்டு என் வீட்டில் இருக்கிறது.

மூன்றாவது: ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’

‘வரப்போகும் ஜாஸின் வடிவம்’ என்பது இத்தலைப்பின் பொருள். இவ்வளவு துணிச்சலான பெயரைச் சூட்டச் சொன்னவர் அட்லாண்டிக் நிறுவனத்தின் நெசுஹி எர்தெகுன். தட்டை உருவாக்கியவர் டெக்ஸஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் 1930இல் பிறந்த ஓர்னெட் கோல்மன். கையில் பணமில்லாத காலத்தில் வாங்கிய வெள்ளை நிறப் பிளாஸ்டிக் சாக்ஸபோனைக் கொண்டு, 1959 மே 22ஆம் நாள் ஹாலிவுட்டில் இதைப் பதிவு செய்தார். உடன் டான் செர்ரியின் கார்னெட், சார்லி ஹேடனின் பேஸ், பில்லி ஹிக்கின்ஸின் முழவு. பியானோ இல்லை.

பியானோ இல்லாதது சிக்கனத்துக்காக அன்று. சுரக்கூட்டுகளை அறிவித்துக்கொண்டே செல்வது பியானோவின் வேலை. கூட்டுகளே வேண்டாம் என்பவருக்குப் பியானோ எதற்கு? மெட்டு எந்த உணர்வை எழுப்புகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு, எங்கு அழைக்கிறதோ அங்கு செல்வதே கோல்மனின் வழி. அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க் ‘ஃபைவ் ஸ்பாட்’ விடுதியில் இக்குழு வாசிக்கத் தொடங்கியபோது இசையுலகம் இரண்டாகப் பிளந்தது. லெனார்ட் பெர்ன்ஸ்டைனைப் போன்ற பேரிசை மேதைகள் புகழ்ந்தார்கள். ராய் எல்ட்ரிஜ் போன்ற மூத்த ஜாஸ் கலைஞர்கள் ஏற்க மறுத்தார்கள். வாசிக்கத் தெரியாதவன் போடும் சத்தம் என்பதே எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு.

அக்குற்றச்சாட்டுக்கு மறுமொழி தட்டின் முதல் உருப்படியிலேயே இருக்கிறது. ‘லோன்லி உமன்’ என்பது அதன் பெயர். தனித்திருக்கும் பெண் என்று பொருள். முழவும் பேஸும் விரைந்து ஓடுகின்றன. அவற்றின் மேல் இரண்டு ஊதுகருவிகளும் ஒப்பாரியைப் போல மெதுவாக, காலத்தைப் பொருட்படுத்தாமல் புலம்புகின்றன. உலகம் ஓடிக்கொண்டிருக்க, ஓர் உயிர் மட்டும் தன் துயரத்தோடு நின்றுவிடுவது போன்ற தோற்றம். கோல்மனின் சுரங்கள் நேர்கோட்டில் நில்லாமல் சற்றே வளைந்தும் நெளிந்தும் ஒலிக்கின்றன. மனிதக் குரல் விம்மும்போது சுரம் பார்த்தா விம்முகிறது? வாசிக்கத் தெரியாதவனால் இவ்வளவு துல்லியமாகத் துயரத்தைச் சொல்ல முடியாது. ஆறு உருப்படிகளும் இதே உயரத்தில் இல்லை என்பதால் மூன்றாம் இடம் தந்தேன். தனி உருப்படிக்கு முதலிடம் தரச் சொன்னால் என் கை ‘லோன்லி உமன்’ பக்கமே நீளும்.

இரண்டாவது: ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’

பலர் முதலிடத்தில் எதிர்பார்த்திருக்கும் தட்டு இது. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில், நியூயார்க் முப்பதாம் தெருவில் முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா நிறுவனத்தின் கூடத்தில் பதிவாயிற்று. ஆகஸ்ட் 17இல் வெளிவந்தது. மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட். கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி இருவரின் சாக்ஸபோன். பில் எவன்ஸின் பியானோ, ஓர் உருப்படியில் மட்டும் வின்டன் கெல்லி. பால் சேம்பர்ஸின் பேஸ். ஜிம்மி காபின் முழவு. மொத்தம் ஐந்து உருப்படிகள்.

டேவிஸ் தேர்ந்த வழி கோல்ட்ரேனின் வழிக்கு நேர் எதிரானது. கூட்டுகளைப் பெருக்குவதற்கு மாறாக அவற்றைச் சுருக்கினார். ‘ஸோ வாட்’ என்ற முதல் உருப்படி முப்பத்திரண்டு அளவுகள் கொண்டது. அதில் இரண்டே சுரவரிசைகள் ஆளுகின்றன. முதல் பதினாறு அளவுகள் ஒரு வரிசை, அடுத்த எட்டு அரைச்சுரம் உயர்ந்த வரிசை, மீண்டும் எட்டு பழைய வரிசை. கூட்டுகளைத் துரத்தும் அவசரம் இல்லாததால் கலைஞர் ஒரு வரிசைக்குள் நின்று நிதானமாக உலவ முடிகிறது. ராக ஆலாபனையில் பழகிய செவிக்கு இந்த நிதானம் உடனே சொந்தமாகிவிடும். இறுதி உருப்படியான ‘ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்’ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஐந்து சுரவரிசைகள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் தங்குவது என்பது வாசிப்பவரின் விருப்பம். முன்கூட்டி ஒத்திகை பாராமல், கூடத்துக்கு வந்த பின் கையில் தந்த குறிப்புகளைக் கொண்டே இக்கலைஞர்கள் வாசித்தார்கள். பில் எவன்ஸ் உறையில் எழுதிய முன்னுரை இதை ஜப்பானிய மை ஓவியத்தோடு ஒப்பிடுகிறது. தூரிகை தயங்கினால் தாள் கிழிந்துவிடும், திருத்த இடமில்லை.

அந்த ஏப்ரல் 22க்கும் கோல்ட்ரேன் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ பதிவுக்குச் சென்ற மே 4க்கும் இடையே பன்னிரண்டே நாட்கள். கூட்டுகளைக் குறைத்தவரின் அருகில் நின்று அமைதியாக வாசித்தவர், இரண்டு வாரம் கழிவதற்குள் கூட்டுகளை வெள்ளமாகத் திறந்துவிட்டார். இரண்டும் ஒரே மனிதரின் உண்மைகள். ஆகவே இவ்விரண்டையும் ஒருசேர நேசிப்பது கொள்கையற்றதாகாது. அந்தக் கலைஞரே அவ்வாறு வாழ்ந்திருக்கிறார்.

பின் ஏன் இரண்டாம் இடம்? இசையில் குறை கண்டு அன்று. இத்தட்டு அமெரிக்காவில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது; உணவகங்களிலும் விடுதி முகப்புகளிலும் பேச்சொலிக்குப் பின்னணியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் அழகு எந்த அறைக்கும் பொருந்திவிடுகிறது. யாருடைய உரையாடலையும் இடைமறிப்பதில்லை. ஆனால் இத்தட்டு வெளிவந்த எட்டாம் நாள், ஆகஸ்ட் 25 இரவு, தம் பெயர் பலகையில் ஒளிர்ந்துகொண்டிருந்த ‘பேர்ட்லாண்ட்’ விடுதியின் வாசலில் நின்றிருந்த டேவிஸைப் போலீசார் தடியால் தலையில் அடித்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியை வாடகைக் காரில் ஏற்றிவிட்டு, வெளியே சற்றுக் காற்று வாங்க நின்றதுதான் அவர் செய்தது. இரத்தம் தோய்ந்த சட்டையோடு அவரைக் கைது செய்து கொண்டுபோனார்கள்; வழக்கு பின்னர் தள்ளுபடியாயிற்று. அந்த நாட்டில் அந்த ஆண்டில் அப்படி வாழ்ந்தவர்களிடமிருந்து இவ்வளவு அமைதியான இசை வந்தது என்பது பெரும் வியப்பு. அந்த அமைதிக்குக் கொடுக்கப்பட்ட விலை என்ன என்பதைத் தட்டு நமக்குச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கில்லை. சொல்லிய ஒரு தட்டு அதே ஆண்டில் இருப்பதால்தான் இது இரண்டாவதாகிறது.

முதலாவது: ‘மிங்கஸ் ஆ அம்’

பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் 1959 மே 5, 12 ஆகிய நாட்களில் பதிவு செய்த தட்டு. மே 5 என்ற நாளைக் கவனியுங்கள்: அதே நாள், அதே நியூயார்க்கில், வேறொரு கூடத்தில் கோல்ட்ரேன் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு நகரம் ஒரே நாளில் இரண்டு காவியங்களை ஈன்ற அதிசயம் அது.

மற்ற நால்வரும் எதையேனும் விட்டுவிட்டு முன்னேறினார்கள். ஒருவர் பழைய தாளத்தை விட்டார். ஒருவர் கூட்டுகளைக் குறைத்தார். ஒருவர் அவற்றைத் துறந்தே விட்டார். மிங்கஸ் எதையும் விடவில்லை. சிறுவயதில் தேவாலயத்தில் கேட்ட கைதட்டலையும் கூவலையும் முதல் உருப்படியில் கொண்டுவந்தார். தம் முன்னோர்களான டியூக் எலிங்டனுக்கும் ஜெல்லி ரோல் மார்ட்டனுக்கும் உருப்படிகளால் வணக்கம் செலுத்தினார். கலைஞர்களுக்கு ஏட்டில் எழுதிக் கொடுப்பதைவிட, பாடியும் வாசித்தும் காதுவழியாகக் கற்பிப்பதையே விரும்பியவர் அவர். குரு சொல்லச் சீடன் வாங்கிக்கொள்ளும் அம்முறையால், ஏழெட்டுப் பேர் வாசித்தாலும் ஒரு பெருங்குடும்பம் ஒரே நேரத்தில் பேசுவது போன்ற உயிரோட்டம் பிறக்கிறது. ஒருவர் வாசிக்க மற்றவர் இடையே கூவுகிறார். மிங்கஸின் குரலும் அங்கங்கே கேட்கிறது.

இத்தட்டில் இரண்டு உருப்படிகள் என் முடிவைத் தீர்மானித்தன. ஒன்று ‘குட்பை போர்க் பை ஹாட்’. சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங் 1959 மார்ச் 15இல் மறைந்தார். அவர் எப்போதும் அணிந்திருந்த தட்டையான தொப்பியின் பெயரே தலைப்பு. இரு மாதங்கள் நிறைவதற்குள் பதிவான இந்த இரங்கற்பா, அழுகையைக் காட்டிலும் நினைவுகூர்தலாகவே நடக்கிறது. இறந்தவரின் நடையும் சாய்வும் அதில் தெரிகின்றன.

மற்றொன்று ‘ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்’. 1957இல் ஆர்க்கன்ஸா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பள்ளிக்குள் நுழையாதபடி தடுக்க ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் காவற்படையை நிறுத்தினார். அந்த ஃபாபஸே இங்கே இசையால் நையாண்டி செய்யப்படுகிறார். கொலம்பியாவின் தட்டில் சொற்கள் இல்லை. பாடல் வரிகளை நிறுவனம் அனுமதிக்கவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படுவது. வரிகள் பின்னரே சேர்ந்தன என்று வாதிடுவோரும் உளர். எப்படியாயினும் 1960இல் மற்றொரு நிறுவனத்துக்காக மிங்கஸ் அதைச் சொற்களோடு பதிவு செய்தார். வியப்பு என்னவெனில், சொற்களில்லாத வடிவமே எனக்கு வலியதாகத் தோன்றுகிறது. தொந்தி சரியும் ஒரு பெருமகன் தன்னை மாவீரனாக எண்ணிக்கொண்டு நடைபோடுவது போல் ஊதுகருவிகள் அசைந்து அசைந்து வருகின்றன. வசைக்கு மறுவசை உண்டு. இந்த நடையைக் கேட்டுச் சிரித்துவிட்டவனை எந்தக் காவற்படையாலும் மீண்டும் அச்சுறுத்த முடியாது.

குறையும் உண்டு. தட்டில் இடம் போதாமையால் பல உருப்படிகள் வெட்டிச் சுருக்கப்பட்டன. பல ஆண்டுகளுக்குப் பின்னரே முழு வடிவங்கள் வெளிவந்தன. ஆயினும் சுருக்கப்பட்ட வடிவத்திலும் இது பின்னணியாக ஓட மறுக்கிறது. இத்தட்டு ஒலிக்கும் அறையில் யாரும் வேறு பேச்சுப் பேச முடியாது. துக்கம், தொழுகை, கேலி, கோபம், குருவணக்கம் எல்லாம் ஒரு கூரையின் கீழ் சண்டையிட்டுக்கொண்டே வாழ்கின்றன. அதனாலேயே முதலிடம்.

நம் வாசகர்களின் ஆர்வத்துக்கு உரிய செய்தி ஒன்றையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கலாம். இத்தட்டில் சாக்ஸபோன் வாசித்தவர்களுள் ஒருவர் ஷாஃபி ஹாதி. கர்ட்டிஸ் போர்ட்டராகப் பிறந்தவர் அவர். கோல்ட்ரேனின் மனைவி நயிமாவும் இஸ்லாத்தைத் தழுவியவர். அமைதியின் அருமையை மைல்ஸ் டேவிஸ் கற்றுக்கொண்ட பியானோ கலைஞர் அஹ்மத் ஜமாலும் அவ்வாறே. 1940களிலும் 1950களிலும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் பலர் தங்களுக்குத் திணிக்கப்பட்ட பெயரைக் களைந்து புதிய பெயரைத் தேர்ந்தார்கள். ஓர்னெட் கோல்மனின் தட்டையும் கோல்ட்ரேனின் தட்டையும் உருவாக்கி வெளியிட்ட நெசுஹி எர்தெகுன், அமெரிக்காவில் துருக்கியின் தூதராக இருந்தவரின் மைந்தர். இதைக் கொண்டு அவ்விசையை நமதென்று உரிமை கொண்டாட வேண்டியதில்லை. தன்மானத்தைத் தேடிய பயணத்தில் அம்மனிதர்கள் எத்தனை வாசல்களைத் தட்டினார்கள் என்பதை அறிந்துகொண்டால் போதும்.

இனி, அக்காலத்துப் பரிசுக் குழுக்கள் என்ன செய்தன என்று பார்ப்போம். கிராமி பரிசளிப்பு விழா முதன்முதலாக நடந்த நாள் 1959 மே 4; கோல்ட்ரேன் பதிவுக் கூடத்தில் நுழைந்த அதே நாள். அவ்வாண்டு நவம்பரில் நடந்த இரண்டாம் விழாவில் ஜாஸ் குழுவுக்கான பரிசு ஜோனா ஜோன்ஸின் ‘ஐ டிக் சிக்ஸ்’ என்ற தட்டுக்குப் போயிற்று. 1961இல் நடந்த மூன்றாம் விழாவில் தனிக்கலைஞர் அல்லது சிறு குழுவுக்கான ஜாஸ் பரிசை ஆந்த்ரே ப்ரெவினின் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ பெற்றது. நான் வரிசைப்படுத்திய ஐந்தில் ஒன்றுக்கும் அவ்விழாக்களில் பரிசு கிட்டவில்லை. பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலை உருவாக்கியபோது, 2002 முதல் 2012க்குள் ஐந்தும் ஒவ்வொன்றாக அதில் இடம்பெற்றன. அரை நூற்றாண்டு கடந்த ஞானோதயம்!

குழுக்களைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்றன்றைய தீர்ப்பு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இது சான்று. அந்தப் பரிசு பெறாத தட்டுகளை 1959இலும் 1960இலும் காசு கொடுத்து வாங்கி, வீட்டில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டு, அண்டை அயலாரை அழைத்துக் கேட்கவைத்த பெயர் தெரியாத ரசிகர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பட்டியல்கள் எங்கும் அச்சாகவில்லை. ஆனால் அவர்கள் விடாமல் கேட்டதால்தான் இத்தட்டுகள் தொடர்ந்து அச்சாகிவந்தன. காலத்தைத் தாண்டி நம் கைக்கு வந்தன.

ஐந்தும் ஒன்றையொன்று மறுப்பவை என்று தொடக்கத்தில் சொன்னேன். ரசிகன் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளிவிடக் கடமைப்பட்டவன் அல்லன். ஆனால் எல்லாம் நன்று என்று சொல்லி நழுவிவிடவும் அவனுக்கு உரிமையில்லை. வரிசைப்படுத்தும்போதுதான் தான் இசையில் எதைத் தேடுகிறான் என்பது அவனுக்கே புலப்படுகிறது. கணக்கின் புதுமையைவிட மெட்டின் இயல்பையும், திறமையின் உச்சத்தைவிடத் துயரத்தின் துல்லியத்தையும், குறையற்ற அழகைவிட வாழ்க்கையை முழுமையாக ஏற்றுப் பேசும் துணிவையும் நான் மேலாக மதிக்கிறேன் என்பதை என் வரிசை காட்டுகிறது. வேறொருவர் இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றலாம். மாற்றட்டும், காரணத்தைச் சொல்லி மாற்றட்டும்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ வாசித்தவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த ஜிம்மி காப் 2020இல் மறைந்தார். ‘டைம் அவுட்’ நால்வரில் கடைசியானவரான யூஜின் ரைட்டும் அதே ஆண்டு டிசம்பரில் மறைந்தார். வாசித்த கைகள் போய்விட்டன. இனி அந்த இசைக்குப் பொறுப்பாளிகள் கேட்பவர்களே. கையில் கிடைக்கும் வசதியைக் கொண்டு இவ்வைந்தையும் கேளுங்கள்; முதலில் ‘லோன்லி உமன்’, பிறகு ‘ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்’. அதன்பின் உங்கள் வரிசையை எழுதுங்கள்.